பத்துக் கோடியா, இருபத்தொரு கோடியா?

இந்தியாவில் நீரிழிவு நோயுள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர் என்று 2023 ஜூன் மாதம் நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். 2024 நவம்பரில் வந்த செய்தியோ 21 கோடி என்றது. ஒன்றரை ஆண்டுக்குள் 11 கோடிப் பேரை இந்நோய் புதிதாகப் பற்றிக் கொண்டதா? இல்லை. நோய் பெருகியதைவிட, அளக்கும் முறை மாறியதே இதற்கு முக்கியக் காரணம்.

முதல் எண்ணைத் தந்தது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு. 2008 முதல் 2020 வரை, 20 வயதும் அதற்கு மேலும் ஆன 1,13,043 பேரை வீடு தேடிச் சென்று ஆராய்ந்தார்கள். வெறும் வயிற்றில் ஒரு முறையும், குளூக்கோஸ் கரைசல் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் இரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு இருந்தது.

இரண்டாவது எண் பன்னாட்டு ஆய்வுக் குழு ஒன்றின் மதிப்பீடு. இவர்கள் 18 வயதிலிருந்தே கணக்கிட்டார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 மில்லிகிராமை எட்டினாலும் நோய். ஹெச்பிஏ1சி என்ற சோதனையில் 6.5 சதவீதத்தை எட்டினாலும் நோய். ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினோடு ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியை அது காட்டும்.

வலையின் கண் மாறினால் அகப்படும் மீனும் மாறும் அல்லவா? இங்கே ஒரு சிக்கலும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை வந்தவர்களுக்கு இச்சோதனை உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். இரத்தசோகை மலிந்த நம் நாட்டில் இதைப் புறக்கணிக்க முடியாது. ஆகவே 21 கோடியை அப்படியே ஏற்கத் தயங்க வேண்டியிருக்கிறது.

முதல் ஆய்வும் குறையற்றதன்று. தமிழ்நாட்டில் சோதனை நடந்தது 2008-2010இல். அதை இன்றைய நிலவரம் என்று எப்படிச் சொல்வது? மேலும், 11.4 என்பது வெறும் சராசரி. கோவாவில் 26.4, உத்தரப்பிரதேசத்தில் 4.8, நகரங்களில் 16.4, கிராமங்களில் 8.9. சராசரியை மட்டும் பார்த்து மருந்து ஒதுக்கினால் ஓரிடத்தில் தேங்கும், மற்றோரிடத்தில் தட்டுப்படும். தட்டுப்படும் இடத்தில் இன்சுலினை நம்பி வாழும் ஏழை நோயாளியின் கதி என்ன?

எனவே, அடுத்த முறை இத்தகைய எண்ணைப் படிக்கும்போது, யாரைச் சோதித்தார்கள், எப்படிச் சோதித்தார்கள், எப்போது சோதித்தார்கள் என்று கேளுங்கள். விடை இல்லாத எண்ணைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். உங்கள் உடம்பில் சர்க்கரை எவ்வளவு என்பதை நாட்டின் சராசரி சொல்லாது. உங்கள் இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். நீரிழிவு பல ஆண்டுகள் அறிகுறி காட்டாமலே உள்ளே இருக்கக்கூடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.