குவளை ஒலியும் கூடிய இசையும்

1961ஆம் ஆண்டு ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் நகரின் வில்லேஜ் வான்கார்ட் என்னும் நிலவறை அரங்கில், பிற்பகல் இரு முறையும் இரவு மூன்று முறையும் மூவர் இசைத்தனர். பியானோவில் பில் எவன்ஸ், டபுள் பேஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன். ரிவர்சைட் நிறுவனம் அதனைப் பதிவு செய்து, 'சண்டே அட் த வில்லேஜ் வான்கார்ட்', 'வால்ட்ஸ் ஃபார் டெபி' என இரு இசைத்தட்டுகளாக வெளியிட்டது.

இன்று உயர்தர ஒலிவடிவில் அவற்றைக் கேட்போர் முதலில் வியப்பது இசையை அன்று. குவளைகள் உரசும் ஓசையையும் அவையினரின் பேச்சையும் சிரிப்பையுமே. ஒலிக்கருவி ஆர்வலர் அவற்றைத் தம் கருவியின் திறனுக்குச் சான்றாகக் காட்டுவர். இது இலையின் பசுமையை வியந்து விருந்தை மறப்பது போன்றது. தெளிவின் பயன் வேறு.

'மை ஃபூலிஷ் ஹார்ட்' என்னும் பாடலைக் கேளுங்கள். எவன்ஸ் ஒரு சுரக்கூட்டை ஒலித்து, அது தேயும்வரை பொறுத்திருக்கிறார். அவ்விடைவெளியில் லஃபாரோ ஒரு சுரத்தை மட்டும் வைக்கிறார். மோஷனின் கம்பித் தூரிகைகள் மெல்லத் தூறுகின்றன. மங்கிய ஒலியில் வெறுமையாகத் தோன்றும் அந்த இடைவெளி, தெளிந்த ஒலியில் பொருள் பொதிந்த மௌனமாகிறது.

இத்தகைய குழுக்களில் பேஸ் பெரும்பாலும் தாளக்கணக்கை எண்ணித் தரும் ஏவலாளே. 'குளோரியாஸ் ஸ்டெப்' போன்றவற்றிலோ அது பியானோவுடன் சமமாக உரையாடுகிறது. சில இடங்களில் அதன் தனி வாசிப்பு சற்று நீள்கிறது என்பதையும் கூறவேண்டும். ஆயினும் மற்ற இருவரும் ஒதுங்கி வழிவிடும் பணிவு அக்குறையை ஈடுசெய்கிறது. மூவொரு இறைவனை உவமை காட்ட நா எழுகிறது. அவ்வளவு பெரிய உவமை வேண்டா. பிறர் பேச இடம்விடுதல் அன்பின் இலக்கணம் என்றால் போதும்.

பதினொரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, லஃபாரோ சாலை விபத்தில் மாண்டார். வயது 25. எவன்ஸ் பல மாதங்கள் மேடை ஏறவில்லை. முதல் இசைத்தட்டு லஃபாரோ இயற்றிய 'குளோரியாஸ் ஸ்டெப்'பில் தொடங்கி, அவரே இயற்றிய 'ஜேட் விஷன்ஸ்' என்பதில் முடிவது அவருக்கான அஞ்சலியே.

அன்று பேசிச் சிரித்தவர்களைக் குறைகூற மனம் வரவில்லை. எம்மாவு வழியில் நடந்த சீடரும் அப்பம் பிட்கப்படும்போதுதான் உடன் வந்தவரை அறிந்தனர். அறிந்த கணமே அவர் மறைந்தார். நம் இல்லத்தில், ஏன், திருப்பலியிலும்கூட, அருகில் ஒலிக்கும் குரலுக்கு நாம் எத்தனை முறை குவளை ஓசையாகிறோம்! அவ்வோசையும் இப்பதிவில் இசையோடு சேர்ந்தே நிலைத்துவிட்டது. அதனால்தான் இதனை இசைக்காக மட்டுமன்றி, நம்மை நாமே கேட்பதற்காகவும் மீண்டும் மீண்டும் கேட்கத் தோன்றுகிறது.