இருக்கைக்கு அடியில்

பழைய வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். நான் கதவைத் திறந்து, தரையோடு தரையாகக் குனிந்து, சீட்டுக்கு அடியில் பார்ப்பேன். எஞ்சினைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் காட்டிவிடலாம். சீட்டுக்கு அடியில் யாரும் பார்க்கப் போவதில்லை என்று நினைத்துச் செய்த வேலையில்தான் ஒரு கைவினைஞரின் மனசு தெரியும்.

டெக்சஸில் நான் குடியிருக்கும் தெருவில், நாலு வீடு தள்ளி, ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் 1970-ஆம் ஆண்டு செவ்ரோலே சி-10 பிக்கப் ஒன்று. போன குளிர்காலத்தில் அதன் பெஞ்ச் சீட்டைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கெட் சீட்டுகளைப் பொருத்தினார். கடையில் கொடுத்தால் ஒரே நாளில் முடித்திருப்பார்கள். அவருக்கு ஆறு வாரம் ஆனது. சாயங்காலங்களில் அவருடைய கொட்டகையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தவன் நான்.

பெஞ்ச் சீட் என்பது அந்தக் காலத்து அமெரிக்கப் பிக்கப்பின் குணம். கதவுக்குக் கதவு நீளும் ஒரே மெத்தை. மூன்று பேர் உட்காரலாம், நடுவில் நாய் படுத்துக்கொள்ளலாம். ஆனால் அது முழுக்க ஒரே சட்டத்தில் நிற்பது. ஓட்டுபவர் குட்டையானவர் என்றால் லீவரை இழுத்து மொத்த பெஞ்சையும் முன்னால் தள்ள வேண்டும். பக்கத்தில் இருக்கும் நெட்டையானவரின் முழங்கால் டேஷ்போர்டில் போய் முட்டும். வெல்டர் ஆறடிக்கு மேல். அவர் மனைவி ஐந்தடிதான். ஐம்பது வருஷத்தில் ஓட்டுநர் பக்கத்து ஸ்பிரிங் வேறு உட்கார்ந்துபோய், வளைவில் திரும்பும்போதெல்லாம் ரெக்சினில் வழுக்கிக்கொண்டு போவார்கள்.

பக்கெட் சீட் போட்டால் பழைய வண்டியின் மரியாதை கெட்டுவிடும் என்று சிலர் சொல்வதை நான் ஒப்பவில்லை. இந்த வரிசை வண்டி அறிமுகமான 1967-லேயே, கூடுதல் பணம் கொடுத்தால் கம்பெனியே பக்கெட் சீட் போட்டுக் கொடுத்தது.

சீட்டைத் தேடி அவர் போனது காயலான் கடைக்கு. இங்கே அவை பெரிய மைதானங்கள். ஸ்பானரோடு உள்ளே போய் நாமே கழற்றிக்கொண்டு வரலாம். ஒவ்வொரு வண்டியாக ஏறி உட்கார்ந்தார், கண்ணை மூடிக்கொண்டார், இறங்கினார். சாய்மானத்தின் கனத்தை டேப்பால் அளந்தார். காரணம் இருக்கிறது. 1972 வரை வந்த இந்த வண்டிகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டின் முதுகுக்குப் பின்னால் நிற்கும். ஓட்டும்போது பின்னால் பெட்ரோல் அலம்பும் சத்தம் கேட்கும். ஆகவே தடித்த முதுகுள்ள சீட்டுக்கும், நன்றாகச் சாய்கிற சீட்டுக்கும் அங்கே இடமில்லை.

பார்க்க அழகாக, தோல் உறையோடு ஒரு ஜோடி கிடைத்தது. 1999-க்குப் பிறகு வந்த சில்வராடோ பிக்கப்பின் சீட்டு. தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அதில் பெல்ட் சீட்டோடு சேர்ந்தே இருக்கிறது. அது ஏன் கூடாது என்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அமெரிக்கப் பாதுகாப்பு விதி 207-இன்படி, ஒரு சீட்டின் பிடிமானம் அந்தச் சீட்டின் எடையைப்போல் 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். 20 கிலோ சீட் என்றால் 400 கிலோ. பெல்ட் கதவுத் தூணிலும் தரையிலும் தனியாகப் பிணைந்திருந்தால் கணக்கு அதோடு முடிந்தது. பெல்ட் சீட்டிலேயே இருந்தால், மோதும்போது மனிதரை இழுத்துப் பிடிக்கும் பாரமும் சேர்ந்து வரும்: விதி 210 சொல்வது இடுப்புக்கு 3,000 பவுண்டு, தோளுக்கு 3,000 பவுண்டு. ஆக மூன்று டன்னுக்கு மேல், சீட்டை நிறுத்தியிருக்கும் நாலு போல்ட்டில். புது வண்டியின் தரை அதற்கென்றே பலப்படுத்திச் செய்தது. 1970-இன் மெல்லிய தகடு கிழிந்துவிடும்.

கடைசியில் எடுத்து வந்தது 1990-களின் எஸ்-10 என்ற சிறிய பிக்கப்பின் சீட்டு ஜோடி. பெல்ட் அதில் இல்லை. சி-10-இன் கதவுத் தூணிலும் தரையிலும் உள்ளே கனத்த தகடு வைத்து, முன்பே அவர் மூன்று முனை பெல்ட் போட்டிருந்தார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். வேறொரு பழைய பிக்கப்பில், ஏதோ ஒரு கடையில் செய்த வேலையை நான் பார்த்திருக்கிறேன். தரைத் தகட்டில் நேராக ஓட்டை போட்டு, காசு அகல வாஷரோடு போல்ட்டை முறுக்கி விட்டிருந்தார்கள். ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் தகடு சிலந்தி வலைபோல் விரிசல் விட்டிருந்தது. சீட்டின் மேல் தையல் என்னவோ அற்புதம். அன்றிலிருந்துதான் நான் கீழே குனிந்து பார்க்க ஆரம்பித்தேன்.

நம் வெல்டர் தரையில் ஒரு புது ஓட்டைகூடப் போடவில்லை. பெஞ்ச் நின்றிருந்த பழைய பிடிமானத் துளைகளையே அடிப்படையாக வைத்து, சதுர இரும்புக் குழாயில் தனியாக ஒரு சட்டம் செய்தார். சட்டம் பழைய துளைகளில் உட்காரும். புது சீட்டு சட்டத்தின் மேல் உட்காரும். நெருப்பைக் கையில் எடுப்பதற்கு முன் பெட்ரோலை வடித்து, டேங்கைக் கழற்றி, தோட்டத்தின் கோடியில் கொண்டுபோய் வைத்தார். வெல்டிங் எல்லாம் வண்டிக்கு வெளியேதான் நடக்கப்போகிறது, அப்படியும் செய்தார். ஒரு முழு நாள் அதற்கே போனது.

இனி வருவதுதான் இந்த வேலையின் ருசி. பெஞ்சில் உட்காருகிறவர் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்வார். ஒரு சாண் இப்படி நகர்வார், அப்படி நகர்வார். பக்கெட் சீட்டில் அந்தச் சுதந்திரம் கிடையாது. உடம்பு எந்த உயரத்தில், எந்தக் கோட்டில் இருக்க வேண்டும் என்று பொருத்துகிறவர் ஒரு தரம் முடிவு செய்தால், ஓட்டுகிறவர் ஆயுசுக்கும் அங்கேதான். அதனால் அவர் அவசரப்படவில்லை. சீட்டை மரக்கட்டைகளின் மேல் நிறுத்தி ஏறி உட்கார்ந்தார். கிளட்சைத் தரைவரை மிதித்தார். திரும்பக் கால் மேலே வரும்போது, அந்தப் பெரிய ஸ்டீயரிங்கின் அடி விளிம்பில் தொடை உரசியது. இறங்கி முக்கால் அங்குலக் கட்டையை உருவினார். மறுபடி உட்கார்ந்தார். இப்போது தொடை தப்பியது, ஆனால் பானெட்டின் முன்கோடி கண்ணுக்கு மறைந்தது. அரை அங்குலம் திரும்பச் செருகினார். பிறகு முன்விளிம்பை மட்டும் ஒரு விரல் கனம் தூக்கினார்; தொடையின் பாரம் மெத்தைக்கு இறங்கிக் கால் இளகியது தெரிந்தது.

நெடுக்குக் கணக்கு இப்படி என்றால் குறுக்குக் கணக்கு இன்னும் நுட்பம். சீட்டின் நடுக்கோடு ஸ்டீயரிங்கின் நடுக்கோட்டோடு சேர வேண்டும்; இல்லையென்றால் இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமுமாகத் திருகிக்கொண்டே ஓட்ட நேரும். ஆனால் உள்ளே கியர்பாக்ஸ் மேடு சீட்டை வெளியே தள்ளுகிறது. வெளியே கதவின் கண்ணாடி சுற்றும் கைப்பிடி அதை உள்ளே தள்ளுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே கிடைத்த இடம் கால் அங்குலம். அந்தக் கால் அங்குலத்துக்குள் அவர் நான்கு சாயங்காலம் வாழ்ந்தார். சீட்டில் உட்கார்ந்து, எதுவும் பேசாமல், கையை ஸ்டீயரிங்கில் வைத்தபடி கால் மணி நேரம் இருப்பார். எங்கே வலி எடுக்கிறது என்று உடம்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு இரண்டாம் நாள்தான் விளங்கியது.

அளவு முடிந்த பிறகு வேலை மளமளவென்று நடந்தது. முதலில் பொட்டு வெல்டிங் மட்டும்; ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு முழுப் பற்று. சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, இங்கே ஒரு அங்குலம், எதிர்க்கோடியில் ஒரு அங்குலம் என்று மாற்றி மாற்றி வைத்தார். தலையில் ஆறு கோடு போட்ட உயர்பலப் போல்ட்டுகளை எடுத்தார். ஒன்றையும் உடனே இறுக்கவில்லை. எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, சீட்டை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்த பிறகே இறுக்கினார். சீட் நகரும் இரண்டு தடங்களும் தண்டவாளம்போல் இணையாக இல்லாவிட்டால் அது ஒரு பக்கம் சிக்கும். ஒரு பக்கப் பூட்டு விழும், மறுபக்கம் விழாது. அந்தச் சத்தத்தை நானும் கேட்கப் பழகிக்கொண்டேன். சரியாக அமைந்தால் இரண்டு பூட்டும் ஒன்றாக விழுந்து ஒரே 'டக்' கேட்கும். அப்படிக் கேட்கும்வரை எட்டுத் தரம் தளர்த்தி இறுக்கினார்.

உறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1972-இன் ஹைலேண்டர் தொகுப்பில் வந்த கட்டம் போட்ட துணி அவருக்கு ஆசைதான். ஆனால் வண்டி 1970. கழற்றிய பெஞ்சின் தையல் மடிப்புகளை எண்ணி, அதே அகலத்தில் அதே கறுப்பு ரெக்சினில் தைக்கக் கொடுத்தார்.

நடு இடம் போய்விட்டது. அது இழப்புதான். அவர்கள் மகள் பள்ளிக்குப் போனது அந்த நடு இடத்தில் உட்கார்ந்து. பெஞ்ச் இப்போது கொட்டகைச் சுவரில் இரண்டு கொக்கியில் தொங்குகிறது. அதன் போல்ட்டுகள் ஒரு டப்பாவில் பெயர் எழுதிய துண்டுக் காகிதத்தோடு இருக்கின்றன. நினைத்தால் ஒரு மணி நேரத்தில் திரும்பப் போட்டுவிடலாம்.

டேங்கைத் திரும்ப மாட்டிப் பெட்ரோல் ஊற்றிய அன்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்து, தன் பக்கத்து லீவரைத் தூக்கி, மூன்று 'டக்' முன்னால் வந்தார். வெல்டரின் சீட் அசையாமல் பின்கோடியிலேயே இருந்தது. இருவரும் என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் புறப்பட்டுப் போனார்கள்.