குடிகாரன் வேஷம் யாருக்காக?

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டா இருந்தாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியா இருந்தாலும் சரி, போதை ஒழிப்புத் தெருநாடகம்னா கதை நமக்கு முன்கூட்டியே தெரியும். ஒருத்தன் தள்ளாடிக்கிட்டு வருவான், கூட்டம் சிரிக்கும். பொண்டாட்டியை அடிப்பான், கூட்டம் அமைதியாகும். கடைசியில் பிள்ளை அழ, பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டுத் திருந்திவிடுவான்.

இந்த அச்சு ரொம்பப் பழசு. எம்.ஜி.ஆரின் முதல் படம் என்பதால் மட்டுமே இன்று பேசப்படும் 'சதிலீலாவதி' (1936) இதே ரகம்தான். எஸ்.எஸ்.வாசன் கதை, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கம். 'பதிபக்தி' நாடகத்தின் கதையும் இதுவும் ஒன்று என்று வழக்கு வந்தபோது, இரண்டுக்குமே மூலம் ஒரு ஆங்கில நாவல் என்று வெளியானது. மிஸஸ் ஹென்றி வுட் 1860இல் எழுதிய 'டேன்ஸ்பரி ஹவுஸ்'. ஸ்காட்லாந்தின் மதுவிலக்குச் சங்கம் ஒன்று நடத்திய போட்டியில் பரிசு வாங்கிய நாவல் அது. ஆக, நம்ம தேரடி நாடகத்துக்கு ஸ்காட்லாந்தில் ஒரு பாட்டி இருக்கிறாள்!

'சதிலீலாவதி' நாயகன் கெட்ட சகவாசத்தால் குடிக்கிறான். போதையில் கொலை செய்துவிட்டதாக நம்பி இலங்கைக்கு ஓடித் தோட்டக் கூலியாகிறான். புதையல் கிடைக்கிறது, ஊர் திரும்புகிறான். அவனைத் திருத்துவது விதி. சம்பள நாள் சாயங்காலம் நாக்கு ஊறுவதற்கு இந்தக் கதையில் வேலையே இல்லை.

பிரச்சாரத்துக்கு இது போதும். இதையே மனநல மருத்துவமனையின் போதை சிகிச்சை வார்டுக்குள் கொண்டுபோய், 'நாடக சிகிச்சை' என்று பெயர் வைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வார்டில் இருப்பவருக்குக் குடி கெடுதல் என்பது தெரியாதா என்ன? நம்மைவிட நல்லாவே தெரியும்.

ஜேக்கப் மொரேனோ 1936இல் நியூயார்க் அருகே பீக்கனில் மனநல மருத்துவமனை தொடங்கி, சிகிச்சைக்கென்றே ஒரு மேடை கட்டினார். அங்கே நடிப்பவர் நோயாளி. கதையும் அவருடையது. நம்மூருக்குப் பொருத்திப் பார்ப்போம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண வீடு. "ஒரு கட்டிங்தானே மாப்ள" என்கிறான் பங்காளி. நோயாளி மறுத்துப் பார்க்கிறார், முடியவில்லை. காட்சியை நிறுத்தி, அவரையே பங்காளியாக நடிக்கச் சொல்கிறார் சிகிச்சையாளர். தன்னை எந்த வார்த்தை வீழ்த்தும் என்பது அவர் வாயிலிருந்தே வருகிறது. மறுபடி முதலிலிருந்து. ப்ரொடக்‌ஷனில் வெடிக்க வேண்டியதை டெஸ்ட் சர்வரில் வெடிக்க விடுவது மாதிரி. முடிந்ததும் வேஷத்தைக் கலைத்து, சொந்தப் பெயருக்குத் திரும்ப வைப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

ஆனால் குடியை நிறுத்திய முதல் சில நாட்களில் வலிப்பும் பிதற்றலும் வரலாம். அப்போது தேவை மருந்தும் தயமின் ஊசியும்தான், நாடகம் இல்லை. ஆதாரமும் இன்னும் மெலிசு. மனச்சிதைவுக்கான நாடக சிகிச்சை பற்றிய 2007 காக்ரேன் ஆய்வுக்குக் கிடைத்ததே 5 சோதனைகள். பலன் உண்டு என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. மதுரையில் பரசுராம் ராமமூர்த்தி ஆட்டிசம் உள்ளவர்களோடு முகமூடியும் நாடகமும் வைத்து வேலை செய்திருக்கிறார். அந்த மாதிரிப் பொறுமையான வேலை போதை வார்டுக்கும் வேண்டும்.

என் பெரிய சந்தேகம், எதிரே உட்கார்ந்து பார்ப்பது யார் என்பதில்தான். பாரிஸ் அருகே ஷாரண்டோன் மனநோய் இல்லத்தில், அங்கே அடைக்கப்பட்டிருந்த மார்க்கி த சாத் நாடகங்கள் போட்டார். நகரத்துப் பெரிய மனிதர்கள் பார்க்க வந்தார்கள். 1813இல் அரசு நிறுத்தியது. நோயாளிகள்தான் வேடிக்கைப் பொருளானார்கள் என்று மருத்துவர் எஸ்கிரோல் பின்னாளில் குறை சொன்னார்.

இங்கே ஜூன் 26, போதை ஒழிப்பு தினம். அன்றைக்கு ஒரு நோயாளியை மேடையேற்றித் தன் கதையை நடிக்கச் சொன்னால், கீழே விருந்தினர்களும் செல்போன் கேமராக்களும் இருக்கும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதை சார்ந்த மனநலப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. 23ஆம் பிரிவு நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. "அவரே சம்மதிச்சுத்தான் நடிச்சார்" என்பார்கள். முன்வரிசையில் இருக்கும் டாக்டர்தான் அவருக்கு டிஸ்சார்ஜ் எழுத வேண்டியவர். அவர் கேட்டால், "இல்ல சார், வேணாம்" என்று எத்தனை பேரால் சொல்ல முடியும்?