ஈகையா, செங்கோன்மையா?
பெர்காவ் அணை தரும் பாடம்

உதவி என்னும் சொல் காதில் விழுந்தவுடன் கைகூப்பி நன்றி கூறுவது நம்மவர் இயல்பு. கொடுப்பவர் எவர் பொருளைக் கொடுக்கிறார், எதை நாடிக் கொடுக்கிறார் என்று கேட்பதை நன்றிகெட்ட செயலென்றே பலர் எண்ணி வருகின்றனர். தனி மனிதரின் கொடைக்கு இவ்வெண்ணம் ஒருவாறு பொருந்தலாம். ஆனால், ஓர் அரசு மற்றோர் அரசுக்கு அளிக்கும் உதவியையும் இக்கோலாலேயே அளப்பது பெரும் பிழையென்பது நமது துணிபு.

வள்ளுவர் ஈகையை அறத்துப்பாலில் வைத்தார். செங்கோன்மையைப் பொருட்பாலில் வைத்தார். இல்லறத்தான் தன் உழைப்பால் வந்த பொருளைக் கொடுக்கிறான். அது அவனுடைய அறம். அரசோ குடிகள் செலுத்திய வரிப்பணத்தைச் செலவிடுகிறது. அங்கே கேட்கப்பட வேண்டுவது கருணையன்று, முறை. அன்றியும், திரும்பப் பெறுவதை எண்ணிக் கொடுப்பதை ஈகையின் கணக்கில் வள்ளுவர் சேர்க்கவே இல்லை. இவ்விரண்டையும் நினைவிற் கொண்டு, நம் நாட்டிலேயே நடந்ததொரு விஷயத்தை ஆராய்வோம்.

கிளந்தான் மாநிலத்துப் பெர்காவ் நீர்மின் திட்டமே அது. 1988-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிரிட்டிஷ் தற்காப்பு மந்திரி ஜார்ஜ் யங்கர் நம் நாட்டுடன் ஒரு குறிப்பில் கையொப்பமிட்டார். நாம் வாங்கவிருந்த ஆயுதங்களின் விலையோடு அவர்கள் தரவிருந்த உதவித் தொகை அதில் முடிச்சிடப்பட்டிருந்தது. இரண்டும் வெவ்வேறு என்று பிரிட்டிஷ் சர்க்கார் பின்னர்க் கூறிற்று. எனினும் 1989-ல் பிரதம மந்திரி தாட்சர் அணைக்கு உதவுவதாக வாக்களித்தார். அப்போது மதிப்பு 31 கோடியே 60 லட்சம் பவுன். சில வாரங்களுக்குள் அது 39 கோடியே 70 லட்சமாக ஏறிற்று. பிரிட்டன் தர முன்வந்த உதவியோ 23 கோடியே 40 லட்சம் பவுன். வேலையை எடுத்தவையும் பிரிட்டிஷ் கம்பெனிகளே. கொடுத்த கை எதைத் திரும்பப் பெற்றது என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இது தகாத செலவென்று பிரிட்டனின் உதவித் துறையினரே கூறினர். எரிவாயுவால் மின்சாரம் எடுத்தால் செலவு குறையும். அணையைக் கட்டினால் மலேசிய மின்சாரப் பயனீட்டாளர்கள் 10 கோடிப் பவுனுக்கு மேல் மிகையாகச் சுமக்க நேரும் என்பது அவர்கள் கணக்கு. அத்துறையின் தலைமை அதிகாரி டிம் லங்கஸ்டர் 1991-ல் தம் ஆட்சேபத்தை எழுத்திலேயே பதிவு செய்தார். வெளிநாட்டு மந்திரி டக்ளஸ் ஹர்ட் அதைக் கடந்து பணத்தைக் கொடுக்க உத்தரவிட்டார்.

அந்த லங்கஸ்டரே பின்னாளில் இவ்விவகாரம் பற்றித் தனி நூலொன்று எழுதினார். தாம் பணியாற்றிய சர்க்காரின் தவற்றை ஆவணங்களோடு எடுத்துரைக்கும் துணிவு எல்லா அதிகாரிகளுக்கும் வாய்ப்பதன்று. அதற்காக அவரைப் பாராட்டுகிறோம். எனினும், பிரிட்டனின் உதவிக் கொள்கையே அந்நூலின் மையப் பொருள். பணம் எவ்வாறு வீணாயிற்று என்னும் கேள்விக்கு அங்கே நல்ல விடை உண்டு. மின் கட்டணம் செலுத்தும் மலேசியக் குடிமகனிடம் இக்கணக்கை ஏன் எவரும் முன்கூட்டிக் காட்டவில்லை என்னும் கேள்வியை நாமே எழுப்ப வேண்டியுள்ளது. உதவி பெற்றவர் என்று பெயர் சூட்டப்பட்டவன் அவன். மிகைச் செலவைச் சுமக்க இருந்தவனும் அவனே.

1994-ல் நடந்தவை இதனை இன்னும் தெளிவாக்கும். பிரிட்டிஷ் பத்திரிகைகள் குற்றஞ்சாட்டவே, அவ்வாண்டு பிப்ரவரியில் நம் பிரதமர் மகாதீர் பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு சர்க்கார் ஒப்பந்தங்கள் இல்லையென்று அறிவித்தார். செப்டம்பரில் அத்தடை நீங்கிற்று. மானம் பற்றிய வழக்கு இருதரப்பிலும் உரத்து ஒலித்தது. கட்டணம் பற்றிய பேச்சு அதில் அமுங்கிற்று. நவம்பர் 10-ந் தேதி இலண்டன் உயர்நீதிமன்றம் அவ்வுதவி சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தது 'வேர்ல்ட் டெவலப்மென்ட் மூவ்மென்ட்' என்னும் பிரிட்டிஷ் மக்கள் இயக்கம். நம்மவர் எவரும் அதில் வாதியல்லர். நமக்கென்று செய்யப்பட்ட உதவியின் நியாயத்தை நமக்காகப் பிறர் கேட்டனர்!

அத்தீர்ப்பின் பயன் சிறிதன்று. வறுமையைக் குறைப்பதே உதவியின் நோக்கமாயிருக்க வேண்டும் என்று பிரிட்டன் 2002-ல் சட்டமியற்றியது. அணையும் கட்டி முடிந்தது. 600 மெகாவாட் ஆற்றலுடைய அதனால் பயனே இல்லையென்று நாம் சொல்லவரவில்லை. பயனுள்ள பொருளையும் முறைகெட வாங்கலாம். முறைகேட்டின் விலையைக் கொடுப்பவன் எளியவன் என்பதே நம் வாதம்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம் மக்களுக்கு இது தொலைவான விஷயமன்று. நம் தமிழ்ப்பள்ளிகளில் பல இன்றும் 'பகுதி உதவி' பெறும் பள்ளிகள் என்றே வழங்கப்படுகின்றன. குடிமக்களின் வரியிலிருந்து குடிமக்களின் குழந்தைகளுக்குச் செல்லும் பணத்துக்கு உதவியென்று பெயர்! பெயர் அவ்வாறு அமைந்துவிட்டபடியால், அது வரும்போது மாலையும் மேடையும் ஆயத்தம் செய்கிறோம். வராதபோது தலைவிதியென்று வாளாவிருக்கிறோம்.

அன்பர்களே! மாலையிடுவதை நாம் தடுக்கவில்லை. மாலையிடுமுன், இது எவர் பணம், எவரைக் கேட்டுத் தீர்மானித்தீர், கணக்கு எங்கே என்று கேளுங்கள். விடை கூறுகிறவர் செங்கோன்மை அறிந்தவர். கேட்டதற்காகச் சினப்பவர் கொடுப்பது ஈகையுமன்று, நீதியுமன்று.