வறியோரும் வாணிகமும்: பிரகலாத்தின் நூலும் யாழ்ப்பாணத்து அனுபவமும்

பொருளை ஈட்டும் நெறியையும் பொருளின்றி வாடும் துயரையும் ‘பொருள்செயல்வகை’ என்றும் ‘நல்குரவு’ என்றும் இரு வேறு அதிகாரங்களில் வைத்துப் பேசினார் வள்ளுவர். ஈட்டுவோனையும் இல்லாதவனையும் இணைக்கும் பாலம் ஈகை ஒன்றே என்று நம் முன்னோர் பெரும்பாலும் கருதினர். செல்வர் தம் இலாபத்தைக் கைவிடாமலே வறியோரின் வாழ்வை உயர்த்தலாம் என்று வாதித்து, இந்தக் கருத்தை அசைத்தவர் பேராசிரியர் சி. கே. பிரகலாத். 1941ஆம் ஆண்டு கோயம்புத்தூரிற் பிறந்து, சென்னை இலயோலாக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் விளங்கி, 2010இல் மறைந்தவர் அவர். 2004இல் வெளிவந்த அவரது ஆங்கில நூலின் பெயரைக் ‘கூம்பகத்தின் அடியிற் கிடக்கும் செல்வம்’ என்று தமிழிற் கூறலாம். வணிகம் பயில்வோர் பலர் அறிந்த அந்நூலின் கொள்கையைப் பனையும் புகையிலையும் கடனும் அறிந்த யாழ்ப்பாணத்து அனுபவத்தோடு ஒப்புநோக்கி மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நூலாசிரியரின் வாதத்தைச் சுருக்கமாக நோக்குவாம். உலகின் மக்கட்டொகையைப் பொருள்நிலை கொண்டு அடுக்கினால் அது கூம்பக வடிவு பெறும். உச்சியிற் செல்வர் சிலர். அடியில் நானூறு கோடி வறியோர். பெரு நிறுவனங்கள் உச்சியையே நோக்கி நிற்கின்றன. அடியில் உள்ளோரிடம் வாங்கும் ஆற்றல் இல்லை என்பது அவற்றின் எண்ணம். உண்மையோ வேறு என்கிறார் பிரகலாத். மும்பையின் தாராவிச் சேரியையும் செல்வர் வாழும் வார்டன் வீதியையும் அவர் ஒப்பிட்டுக் காட்டுகிறார். சேரிவாசி நீருக்கு 37 மடங்கும் அரிசிக்கு 1.2 மடங்கும் கூடுதலான விலை கொடுக்கிறான். இஃது ஏழ்மைக்கு இறுக்கப்படும் தண்டம். திறமை மிக்க நிறுவனங்கள் பேரளவு உற்பத்தியோடும் சீரிய விநியோகத்தோடும் சேரிக்குள் நுழையுமாயின் இத்தண்டம் குறையும். நிறுவனத்திற்கும் ஊதியம் கிட்டும் என்பது அவர் முடிபு.

இவ்வாதத்திற் பாராட்டத்தக்க இரு கூறுகள் உள. வறியோன் கூடுதலாகவே செலுத்துகிறான் என்பது நம் கிராமத்துச் சிறு கடையிலும் காணக்கூடிய உண்மை. அன்றாடம் கால் போத்தல் எண்ணெயும் சிறு பொட்டலம் சீனியும் வாங்குபவன், மாதத்திற்கு ஒருமுறை மொத்தமாக வாங்குபவனைக் காட்டிலும் கூடிய விலையே கொடுக்கிறான். மேலும், வறியோரை இரக்கத்திற்குரிய கூட்டமாகக் காணாது, தேரவும் தெரியவும் வல்ல மாந்தராக இந்நூல் மதிக்கிறது. தருமம் செய்தே பழகிய சமுதாயத்திற்கு இஃதொரு நற்பாடம்.

ஆயினும், நூல் எடுத்துக்காட்டும் நிறுவனங்களை நிரைப்படுத்தி நோக்கும்போது ஒரு குழப்பம் புலனாகின்றது. அயடீன் சேர்த்த உப்பை விற்ற இந்துஸ்தான் லீவரும், மத்தியப் பிரதேசத்துச் சோயா உழவர்க்குக் கணினி வழியே சந்தை விலையை அறியச் செய்து விளைபொருளை நேரே வாங்கிய ஐ.ரி.சி. நிறுவனமும், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. முதலாவது வறியோருக்கு விற்கிறது. இரண்டாவது வறியோரிடம் வாங்குகிறது. மூன்றாவது செல்வரிடம் பெற்ற கட்டணத்தாற் பிறருக்குப் பணி செய்கிறது. வறியோர் வாணிகத்துள் நுழையும் வாயில்கள் பல. எந்த வாயிலால் நுழைகின்றார் என்பதே அவர் அடையும் பயனைத் தீர்மானிக்கும். நூலின் தலைப்பும் கொள்கையும் இவ்வேறுபாட்டை மறைத்துவிட்டன. வாங்குவோர், கடன்படுவோர், ஆக்குவோர் என வாயில்களை மூன்றாக வகுத்து ஆராய்வாம்.

வாங்குவோர் வாயிலுக்குப் பெரும் புகழ் பெற்ற சான்று சிறு பொதிகளில் விற்கப்பட்ட சம்பூ. இதன் தொடக்கம் தமிழகத்துக் கடலூரிலே. அவ்வூர்ச் சின்னிக்கிருஷ்ணன் சிறு பொதி முறையை 1970களில் வகுத்தார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் ‘சிக்’ சம்பூவைத் தொடங்கி அம்முறையைப் பெருவாணிகமாக வளர்த்தார். நாட்கூலி பெறுவோனுக்கு ஒரு நாட்டேவையை ஒரு நாட்காசில் விற்ற மதிநுட்பத்தை எவரும் மறுத்தலாகாது. ஆனால், வாங்குவோனின் வருவாய் இதனால் உயர்வதில்லை. முன்பு அவனுக்கு எட்டாதிருந்த ஒரு பொருள் எட்டுகிறது, அவ்வளவே. வெற்றுப் பொதிகளோ வாய்க்காலையும் கடற்கரையையும் நிரப்புகின்றன. உணவும் மருந்தும் அல்லாதவற்றுக்கு 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராம் வரையான பிளாத்திக்குச் சிறு பொதிகளை இலங்கை அரசு 2021 மார்ச் 31 முதல் தடை செய்தமை இதன்பொருட்டே.

கடன்படுவோர் வாயிலை வடமாகாணம் கசப்புடன் அறியும். 2009இற் போர் முடிந்தபின், வீட்டையும் தொழிலையும் இழந்திருந்த குடும்பங்களை நாடி நுண்கடன் நிறுவனங்கள் திரளாக வந்தன. பெண்களைக் குழுக்களாக்கிப் பிணையின்றிக் கடன் கொடுத்து, வாரந்தோறும் படலை தேடிவந்து தவணை பெற்றன. கடனை முதலாக்கத் தொழில் இல்லாதவிடத்தும், விளைந்ததை வாங்கச் சந்தை இல்லாதவிடத்தும் கடன் எங்ஙனம் திரும்பும்? ஒரு கடனை அடைக்க மறு கடன் எழுந்தது. 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர், சிலவிடத்து ஆண்டு வட்டி 220 வீதம் வரை சென்றதைச் சுட்டினார். அதே ஆண்டில் வறட்சியால் நலிந்த 12 மாவட்டங்களிற் பெண்கள் பட்ட ஓரிலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தீர்க்க அரசு முன்வர வேண்டியதாயிற்று. கூம்பகத்தின் அடியிற் செல்வம் கிடந்தது உண்மையே. அஃது அகழ்ந்தெடுக்கப்பட்டு மேலே சென்றது என்பதும் உண்மையே.

இனி, ஆக்குவோர் வாயிலை நோக்குவாம். இதற்குப் பனையினும் சிறந்த சான்று யாழ்ப்பாணத்தில் இல்லை. சீவற்றொழிலாளி நாள்தோறும் பனைகள் பல ஏறிப் பாளை சீவி முட்டி கட்டுகிறான். முட்டியிற் சுண்ணாம்பு தடவினாற் கருப்பணி, தடவாவிடிற் கள்ளு. கள்ளு விரைந்து புளிப்பது. இன்று இறக்கியதை நாளை நல்ல விலைக்கு விற்போம் என்று அவன் காத்திருத்தல் இயலாது. ஆகவே வாங்குவோன் சொன்னதே விலை. முற்காலத்திற் கள்ளுத் தவறணைகள் ஏலத்திற் குத்தகைக்கு விடப்பட்டன. ஏலத் தொகையையும் தன் இலாபத்தையும் மீட்க வேண்டிய குத்தகைக்காரன், மரமேறுவோனுக்குக் கொடுக்கும் விலையைக் குறைத்தான். பனை சொந்தமில்லாதவன் மரத்துக்கு உரியவனுக்கும் பங்கு செலுத்தினான். கள்ளை இகழ்ந்த சமுதாயம் அவ்விகழ்ச்சியை மரமேறுவோன்மீது சுமத்தியதேயன்றிக் குத்தகைக்காரன்மீது சுமத்தியது அரிது. சாதிக் கொடுமையும் சந்தைக் கொடுமையும் ஒருவன் தோளிலேயே ஏறியிருந்தன. 1957இற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தும், 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்தின்பொருட்டுப் போராட வேண்டியிருந்த காலம் அது.

1970களில் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தவறணைகளை ஏற்று நடத்தத் தொடங்கியமை பெரும் மாற்றமாகும். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் என இன்று அறியப்படுபவை இவையே. இறக்குவோனே விற்பனை நிலையத்துக்கும் பங்காளியானான். இடைத்தரகன் கொண்ட இலாபம் சங்கத்தின் நிதியாயிற்று. எஞ்சிய கள்ளைப் போத்தலில் அடைத்தும், திக்கம் வடிசாலையிற் சாராயமாக வடித்தும், கெடும் பொருளைக் கெடாப் பொருளாக்க முடிந்தது. 1978இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கே வறியோனுக்குப் புதிதாக எதுவும் விற்கப்படவில்லை. அவன் முன்னரே செய்த தொழிலின் பயன் அவன் கையில் நிற்க வழி செய்யப்பட்டது.

இவ்வழி நமக்குப் புதிதன்று. திருவிதாங்கூருக்குப் புகையிலை அனுப்பிய கமக்காரர், 1934இல் யாழ்ப்பாண மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனவுச் சங்கத்தை அமைத்தனர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த வீ. வீரசிங்கம் கூட்டுறவு இயக்கத்துக்குத் தலைமை தந்தார். யாழ்நகரின் வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பள்ளி ஆசிரியர் கணக்கேட்டைக் கையில் எடுத்த காலத்திற் கமக்காரனின் பேரம் வலுப்பெற்றது என்பது நம் கல்லூரிகள் நினைவிற் கொள்ளத்தக்கது.

கூட்டுறவு என்ற பெயரே குறைகளைத் தீர்த்துவிடுமோ எனின், தீராது. போர் மரங்களையும் நிலையங்களையும் அழித்தது. அதுவன்றி, தளர்ந்த கணக்கும், அரசியல் தலையீடும், ஒரு சீரில்லாத தரமும், தொழிலை வெறுத்து விலகும் இளந்தலைமுறையும் சங்கங்களை நலித்தன. தொழிலாளர்க்குச் சொந்தமானது என்பதால் ஒரு போத்தல் கள்ளை எவனும் கூடிய விலைக்கு வாங்கமாட்டான். இவ்விடத்திலேதான் பிரகலாத்தின் நூல் நமக்குப் பெரிதும் உதவும். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, சிகிச்சையின் ஒவ்வொரு படியையும் ஒழுங்குபடுத்திச் செலவைக் குறைத்தது. 1992இற் கண்வில்லையைத் தானே உற்பத்தி செய்யத் தொடங்கியது. கட்டணம் செலுத்துவோரின் பணத்தாற் செலுத்த இயலாதோர்க்கும் ஒளி தந்தது. அங்கே அன்பு நோக்கமாயிற்று, ஒழுங்கு கருவியாயிற்று. நம் சங்கங்களிடம் முன்னது இருந்தது, பின்னது போதாதிருந்தது.

பிரகலாத் பணியாற்றிய அதே பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அனீல் கர்னானி, வறியோரை நுகர்வோராகக் காண்பதினும் ஆக்குவோராகக் காண்பதே வறுமையைத் தணிக்கும் என்று 2007இல் மறுத்தெழுதினார். யாழ்ப்பாணத்து அனுபவம் இம்மறுப்பின் பக்கமே சாய்கின்றது. எனினும், ஆக்குவோனுக்கும் சந்தையை அறிந்த திறன் வேண்டும் என்பதில் பிரகலாத்தின் சொல் நிலைபெறும்.

ஆகவே, வறியோரை அணைத்துச் செல்வதாகக் கூறும் எந்நிறுவனத்தையும், அது கொழும்பிலிருந்து வரினும் கடல்கடந்த நம் உறவினர் முதலீட்டால் எழினும், மூன்று வினாக்களால் அளத்தல் தகும். விலையை வகுப்பவர் யார்? இழப்பு வரின் அதைச் சுமப்பவர் யார்? ஆண்டு முடிவில் இலாபம் எவ்வூரில் தங்குகிறது? இவ்வினாக்களுக்கு விடை கணக்கேட்டிலேயே உண்டு. அதைப் படிக்கக் கற்றவர் நம் மாணவர். படித்ததை மரமேறுவோனுக்கும் வலை இழுப்போனுக்கும் விளக்கிச் சொல்லுதல் அவர்தம் கடனாகும்.