கடலோர வீட்டுக்கு எந்தக் காபெட்?

வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை, காலி வீதியின் கடற்பக்கத்து ஒழுங்கைகளில் எழுந்துள்ள தொடர்மாடிகளின் வரவேற்பறைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. வழவழப்பான டைல் நிலம், பெரிய சோபா செற், நடுவில் கண்ணாடி மேசை, அதன் கீழ் ஒரு காபெட். வசதியுள்ள சிலர் படுக்கையறையில் சுவரிலிருந்து சுவர் வரை காபெட்டை ஒட்டியும் விடுகிறார்கள். கடையில் நாம் வழக்கமாகக் கேட்பவை மூன்று: சோபாவின் நிறத்துக்குப் பொருந்துமா, கால் வைத்தால் மெத்தென்று இருக்குமா, சதுர அடி என்ன விலை? இந்த ஊரில் கேட்க வேண்டிய முதற் கேள்வி இவற்றுள் இல்லை. வாங்கும் காபெட்டை வீட்டிலிருப்பவர்களே தூக்கிக் கழுவி, ஒரே பகலில் காயவைக்க முடியுமா என்பதுதான் அது. இக்கேள்வியை அளவுகோலாக வைத்து அறை அறையாகப் பார்த்தால், பல வீடுகளில் காபெட் கிடக்கும் இடமே பிழை என்பது தெரியவரும்.

நிலம் முழுவதையும் மூடும் வழக்கம் குளிர் நாடுகளின் தேவையில் பிறந்தது. மரப்பலகை நிலத்தின் இடுக்குகளால் ஏறும் குளிரைக் கம்பளி விரிப்பு தடுத்தது. தறியில் நெய்த கம்பளியின் விலை எல்லோருக்கும் எட்டவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து டோல்டன் நகரில், கட்டில் விரிப்புகளில் நூற்குஞ்சம் குத்திய இயந்திர முறை காபெட் செய்வதற்கு மாறியது. நைலோன் நூலும் சேர்ந்துகொள்ள விலை சரிந்தது. பிரித்தானியாவில் 1970களில் குளியலறைக்குக்கூடக் காபெட் போட்டார்கள். ஈரமும் பூஞ்சணமும் கண்டு பின்னர் அவர்களே அதைக் கைவிட்டார்கள்.

லண்டனின் ஈஸ்ட்ஹாமிலும் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் வாழும் நம்மவர்களுக்குக் காபெட் அன்றாடப் பொருள். ஓகஸ்ட் விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பெற்றோரின் வீட்டைத் திருத்தி அழகாக்கும்போது அதுவும் உள்ளே வந்துவிடுகிறது. விடுமுறை முடிந்து அவர்கள் விமானம் ஏறியதும், அதைப் பராமரிக்கும் பொறுப்பு எழுபது வயது அம்மா அப்பாவின் தலையில் விழுகிறது. தெரிவு செய்பவர் ஒருவர், துப்புரவு செய்பவர் இன்னொருவர் என்று ஆகிவிடுவது இவ்வழக்கத்தின் முதற் கோளாறு.

கொழும்பின் பழைய வீடுகளில் சிவப்புச் சீமெந்து நிலத்துக்கு மெழுகு பூசி, தேங்காய் மட்டையைக் காலால் அழுத்தித் தேய்த்து மினுக்குவார்கள். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய வீடுகளிலும் மினுக்கிய சீமெந்தும் கல்லும் சுட்ட களிமண்ணும் நிலமாகின. வெறும் நிலம் வெக்கையில் காலுக்குக் குளிர்ச்சி தரும், துடைத்தவுடன் காயும். காலநிலையை அறிந்து எடுத்த முடிவு அது. காபெட் விரிக்கும்போது நாம் மூடுவது அந்தக் குளிர்ச்சியைத்தான்.

காலநிலையின் கணக்கையும் பார்க்கலாம். கொழும்பில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் 70 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது. கடலை அண்டிய ஒழுங்கைகளில் இதனோடு உப்பும் சேர்கிறது. ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தை எட்டினால், உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். காபெட்டின் இழைகளுக்குள் படிந்த உப்பும் இதையே செய்வதால், தூசு தட்டிய நாளிலும் பிசுபிசுப்பு போவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணிகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அவை நீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உடலால் உறிஞ்சி உயிர் வாழ்கின்றன. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நாள் நின்றால் வற்றி இறந்துவிடும். மாரி முழுவதும் ஹீற்றர் எரியும் குளிர்நாட்டு வீட்டில் அந்த வறட்சி கிடைக்கிறது. கல்கிசையில் அப்படியொரு பருவமே இல்லை. இந்த உண்ணிகளின் எச்சத்திலுள்ள புரதம் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மலையும் தொய்வையும் தூண்டும்.

இவ்வளவும் உண்மையானாலும் காபெட்டின் நன்மைகளைத் தள்ளிவிட முடியாது. தொடர்மாடியில் மேல்வீட்டார் நடப்பதும் கதிரை இழுப்பதும் கீழ்வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுக்கும். டைல் நிலத்தில் அந்த ஓசையை அடக்க ஒரு விரிப்பே மலிவான வழி. தவழும் குழந்தைக்கும் அது ஆறுதல். வாசலில் செருப்பைக் கழற்றும் நமது பழக்கம் வீதிப் புழுதியை வெளியிலேயே நிறுத்துகிறது. பல மேலைநாட்டு வீடுகளுக்கு இந்த அனுகூலம் இல்லை. ஆனால் நாமோ கால் கழுவிய ஈரத்தோடு உள்ளே வருகிறோம். வெறுங்காலின் வியர்வையும் எண்ணெயும் இழையில் ஏறுகின்றன. காபெட் தூசைப் பிடித்துவைத்துக் காற்றைச் சுத்தமாக்கும் என்று விற்பவர்கள் சொல்வது அரை உண்மை. நல்ல வடிகட்டியுள்ள வக்கியூம் கிளீனரால் அடிக்கடி உறிஞ்சினால்தான் அது நன்மை. இல்லையேல் தூசுக் களஞ்சியம்.

எந்த இழை என்பதில் விலைச்சீட்டு நம்மைத் தவறாக வழிநடத்தும். விலை உயர்ந்த கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் நனைந்ததாகக் காட்டாது. குளிர்நாட்டில் புகழப்படும் இக்குணம் இங்கே குறையாகிறது. அந்துப்பூச்சியும் அதைத் தேடி வரும். சணல் ஈரம் பட்டால் பழுப்புக் கறை ஏறி உக்கிப்போகும். மலிவான பொலிப்ரொப்பிலீன் நீரை உறிஞ்சாது, விரைவாகக் காயும். ஆனால் எண்ணெய்க் கறையை விடாது. சோபாக் கால் அழுத்திய பள்ளம் நிமிராது. பொலியெஸ்டர் மென்மையானது, நடமாட்டம் கூடிய இடத்தில் படுத்துவிடும். மிதிபட்டும் நிமிர்வது நைலோன். இவற்றில் கடலோரத்துக்கு நான் முதலில் வைப்பது பொலிப்ரொப்பிலீனை. அறையின் அழகுக்கு அது கடைசியாக வந்தாலும் சரி.

புரட்டிப் பார்க்காமல் எதையும் வாங்கக்கூடாது. இழையைத் தாங்கும் இறப்பர்ப் பால் பூச்சு இந்த வெக்கையில் நாளடைவில் பொடிந்து நிலத்தில் ஒட்டும். காபெட்டை மடக்கிப் பார்க்கும்போது இழைகளுக்கிடையே அடித்துணி தெரிந்தால் நெருக்கம் போதாது என்று பொருள். உயரமான இழையைவிட நெருக்கமான குட்டை இழையே நீடிக்கும்.

இனி அறைகள். வரவேற்பறைக்குக் குட்டை இழையில் நாலடிக்கு ஆறடி போதும். எட்டடிக்குப் பத்தடி வாங்கி அதன்மேல் கண்ணாடி மேசையை ஏற்றிவிட்டால், அடுத்த வீடு மாறும்வரை அதைத் தூக்க ஆள் கிடைக்காது. குசினி சிறிய தொடர்மாடிகளில் வரவேற்பறையோடு சேர்ந்தே இருக்கும். மீன் பொரித்த வாசம் யன்னலைத் திறந்தால் காற்றோடு போய்விடும். காபெட்டுக்குள் போனது போகாது.

ஒட்டிய காபெட்டை மக்கள் அதிகம் விரும்பும் இடம் படுக்கையறை. அதற்கு மிகக் குறைவாகப் பொருந்துவதும் அதுவே. உதிரும் தோலே உண்ணிகளின் உணவு. அது அதிகம் விழுவது கட்டிலிலும் கட்டிலைச் சுற்றியும். கட்டிலின் கீழே காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. குளிரூட்டி இருக்கிறதே என்பார்கள். அது ஓடும்போது அறையை உலர்த்துவது உண்மை. ஆனால் 2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அவ்வாண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியது. குளிரூட்டியை இரவில் இரண்டு மணித்தியாலம் மட்டும் போடும் வீட்டில், மீதி நேரம் முழுவதும் காபெட் ஈரத்தைக் குடிக்கும். கட்டிலருகே ஒரு மெல்லிய பருத்தி விரிப்பை வைத்து வாராவாரம் துவைப்பது எவ்வளவோ மேல். தொய்வுள்ளவர் தூங்கும் அறைக்கு அதுவும் வேண்டாம்.

முதியவர் அறையில் எனது அளவுகோல் இடறுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தூக்கக்கூடிய விரிப்பு என்றால் நழுவக்கூடிய விரிப்பும்தான். சுருண்ட ஓரத்தில் கால் தடக்கினால் இடுப்பெலும்பு போய்விடும். ஒட்டிய காபெட் காலுக்குப் பாதுகாப்பு, மூச்சுக்குக் கேடு. இரண்டையும் எடைபோட்டால் வெறும் நிலமே முதல் தெரிவு. விரிப்பு வேண்டுமானால் குட்டை இழையாக இருக்கட்டும். கீழே வழுக்காத இறப்பர் வலை இருக்கட்டும். ஒரு பக்கம் கட்டில் காலுக்கடியில் அகப்பட்டிருக்கட்டும். ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் உள்ள வீட்டில் உயர்ந்த இழைக்கு இடமே இல்லை.

சுவாமியறைக்குச் செயற்கை இழை கூடாது. கற்பூரப் பொறி பட்டால் அது உருகும். விளக்கெண்ணெயும் குங்குமமும் பட்டால் கறை நிலைக்கும். இருந்து கும்பிட ஒரு பாய் போதும். குளியலறை வாசலுக்கு வழுக்காத கால்துடைப்பான் இரண்டை வைத்து மாறி மாறிக் காயவைக்கலாம். ஒட்டிய காபெட்டுக்கு ஓரளவு நியாயம் உள்ள ஒரே இடம், மேல்மாடியில் பகல் முழுவதும் குளிரூட்டி ஓடும் அலுவல் அறை. அங்கும் ஐம்பது சென்ரிமீற்றர்ச் சதுரத் துண்டுகளாக வரும் காபெட்டைப் பசையின்றிப் பொருத்தினால், கெட்ட துண்டை மட்டும் மாற்றலாம்.

கொட்டாஞ்சேனையின் பழைய தரைவீடுகளில் இன்னொரு சோதனை அவசியம். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நிலத்தில் விரித்து, நான்கு பக்கமும் நாடாவால் ஒட்டி ஓர் இரவும் மறுநாள் காலையும் விட்டுப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் மண்ணின் ஈரம் நிலத்தால் மேலேறுகிறது. அந்த அறைக்கு எந்தக் காபெட்டும் பூஞ்சண விளைநிலம்தான்.

வெயிலே நம்மிடமுள்ள சிறந்த மருந்து. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வொன்று, நேர்வெயிலில் சில மணித்தியாலம் போட்ட காபெட்டில் உண்ணிகள் முழுவதும் இறந்ததைக் காட்டியது. எச்சம் மட்டும் அதில் தங்கும் என்பதால் தட்டவும் கழுவவும் வேண்டும். தொடர்மாடியில் வெயிலுக்கு எங்கே போவது? பல கட்டடங்களில் மொட்டைமாடி பூட்டியிருக்கும், மிஞ்சுவது பல்கனி. ஆகவே பல்கனிக் கம்பியில் மடித்துப் போடக்கூடிய அளவே உங்கள் காபெட்டின் உச்ச அளவு. கடைக்குப் போகுமுன் சோபாவை அளப்பதைவிடக் கம்பியை அளப்பது நல்லது.

உள்ளூர் விரிப்புகளுக்குத் திரும்பலாம் என்பாரும் உண்டு. பன்பாய் இலேசானது, மலிவானது, அரைநாளில் காயும். ஆனால் மழைக்காலத்தில் சுருட்டி மூலையில் வைத்தால் அதுவும் பூஞ்சணம் பிடிக்கும். தும்புவிரிப்பு வாசலுக்குச் சிறந்தது, வெறுங்காலுக்கு முரடு. யுனெஸ்கோ 2021இல் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்ட தும்பறைப் பாயின் அழகு பெரிது. ஆனால் கைநெசவின் உழைப்பை எண்ணினால் அதை மிதிக்க மனம் வராது, சுவரில் தொங்கவிடவே தோன்றும். உள்ளூர்ப் பொருள் என்பதற்காக மட்டும் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். காபெட்டுக்கு வைத்த சோதனையைப் பாய்க்கும் வைக்க வேண்டும்.

எனது முடிவு இது. கல்கிசைக் கடலோரத்தில் ஒட்டிய காபெட், பகல் முழுவதும் குளிரூட்டிய அலுவல் அறையைத் தவிர, எந்த வீட்டறைக்கும் பொருந்தாது. தூக்கக்கூடிய சிறிய, குட்டை இழை விரிப்பு வரவேற்பறைக்கும், துவைக்கக்கூடிய பருத்தி விரிப்பு படுக்கையறைக்கும் பொருந்தும். மற்ற அறைகளில் வெறும் நிலமே போதும். வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்குக் காபெட் வாங்கிக்கொடுக்க நினைக்கும் பிள்ளைகள், பணம் கட்டுமுன் அம்மாவிடம் ஒன்றைக் கேளுங்கள்: இதை நீங்கள் தனியாகத் தூக்கி வெயிலில் போடுவீர்களா? இல்லை என்றால் வாங்காதீர்கள்.