பேரும் பெயரும்: டிக்கோயாத் தோட்ட ஆவணங்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

இங்கிலாந்தின் அடிநிலை மக்கள் தம் மூதாதையரைத் தேடுமிடத்து, 1834ஆம் ஆண்டு ஏழையர் சட்டத்தின் வழி அமைந்த ஏழையர் இல்லங்களின் மருத்துவப் பதிவேடுகளும் குடிசன மதிப்பு ஏடுகளும் பெரிதும் துணைபுரிகின்றன. ஏழையை இழிவுபடுத்திய நிறுவனமே அவரது பெயரையும் வயதையும் எழுதிவைத்தது. இம்முறையியலை மலையகத்திற் பொருத்த முனையும் ஆய்வாளர் முதலில் எழுப்பவேண்டிய வினா, ஏடுகள் எத்தேவை கருதி எழுதப்பட்டன என்பதேயாகும்.

டிக்கோயாத் தோட்டங்களில் நாள்தோறும் எழுதப்பட்டது செக்ரோல். பிரட்டுக்களத்தில் நின்றோரைக் குறித்துச் சம்பளம் கணக்கிடுவதே அதன் பணி. தோட்ட வழக்கில் 'பேர்' என்னும் சொல்லே ஒரு நாட் சம்பளத்தைக் குறிக்கலாயிற்று. கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்'தான். மனிதரின் பெயர் கூலியின் அலகாகச் சுருங்கிய வரலாறு இச்சொல்லிற் பொதிந்துள்ளது. 1921இல் ஒழிக்கப்பட்ட 'துண்டு' முறையோ தொழிலாளரின் கடனையே பதிந்தது. இவ்விரண்டிற்கும் பாட்டன் பெயர் தேவைப்படவில்லை.

குடிசன மதிப்பும் நடுநிலையானதன்று. 1871இல் தொடங்கிய இக்கணக்கெடுப்பு, 1911இல் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் எனத் தமிழரை இரு நிரல்களாகப் பிரித்தது. டிக்கோயா லயத்திற் பிறந்த பிள்ளையும் 'இந்தியர்' ஆயிற்று. அச்சிட்ட அட்டவணைகளிலோ தொகைகள் உண்டு, பெயர்கள் இல்லை.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கொடுமை இப்பின்னணியிலேயே தெளிவாகின்றது. இங்கு பிறந்தவரும் தம் தந்தை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும், இலங்கையிற் பிறந்தமையைக் காட்டவேண்டியிருந்தது. வம்சத்தைப் பதியாத அமைப்பின் கீழ் வாழ்ந்தோரிடம் வம்சச் சான்று கேட்கப்பட்டது. கொழுந்தெடுத்த தாயின் வழி கணக்கிலேயே கொள்ளப்படவில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனத் தொகையாகவே பங்கிட்டது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வாழ்வோருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் வழிதிறந்த சட்டம் 2003இலேயே வந்தது.

இதே டிக்கோயாப் பள்ளத்தாக்கில் 1879இல் இறந்த புகைப்படக் கலைஞர் யூலியா மார்கரெட் கமரோனின் கல்லறையைப் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் இன்றும் காணலாம். அக்காலத் தொழிலாளரின் புதைகுழிகளுக்கு அத்தகைய பெயர்க்கல் வாய்க்கவில்லை. வர்க்க வேறுபாடு மரணத்தின் பின்னும் ஆவணத்தில் தொடர்கின்றது.

ஆதலின் ஏடுகளைப் புறக்கணிக்கவேண்டும் என்பது எமது கருத்தன்று. பிறப்பு, இறப்புப் பதிவுகளும் ஆசுபத்திரிக் குறிப்புகளும் தேடப்படவே வேண்டும். ஆனால் அவற்றை வாய்மொழிச் சான்றோடு இணைத்து நோக்குதல் இன்றியமையாதது. ஏடு தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைக் கூறும். முதியோரின் நினைவோ தொழிலாளர் இட்ட தமிழ்ப் பெயரைக் கூறும். ஏடு கங்காணியின் கணக்கைக் காட்டும்; குலதெய்வத்தின் பெயர் தமிழகத்துச் சிற்றூருக்கு வழிகாட்டும். இவ்விரண்டும் முரண்படுமிடத்து, ஏட்டையே மெய்யெனக் கொள்ளும் ஆய்வு 1948இல் அதிகாரி கேட்ட கேள்வியையே மீண்டும் கேட்பதாகும்.